எறும்புக் கூட்டில் நுழைந்த விருந்தாளி: அமானிதம் பற்றிய ஜும்ஆ பாடம்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும், அவர்கள் காட்டிய வழியில் நடக்கும் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் நேராகப் பள்ளிக்கு வந்தவர்களும் இந்த சஃப்புகளில் இருக்கிறீர்கள். ஒரு மணி நேரம் பெர்மிஷன் வாங்கிக்கொண்டு ஒரகடத்திலிருந்து ஓடி வந்தவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் நேரத்தின் மதிப்பை அறிந்தே பேசுகிறேன். இன்று ஒரு பட்டாம்பூச்சியைப் பற்றியும் ஓர் எறும்பைப் பற்றியும் சொல்லப் போகிறேன். மிம்பரில் பூச்சிகளுக்கு என்ன வேலை என்று எண்ண வேண்டாம். அல்லாஹ் தன் வேதத்தில் ஒரு சூராவுக்கு எறும்பின் பெயரையும், ஒன்றுக்குத் தேனீயின் பெயரையும், ஒன்றுக்குச் சிலந்தியின் பெயரையும் வைத்திருக்கிறான். அல்அன்ஆம் சூராவின் 38-ஆவது வசனத்தில், பூமியில் ஊர்ந்து திரியும் உயிர்களும் சிறகடித்துப் பறக்கும் உயிர்களும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அறிவிக்கிறான்.

நம் உலமாக்களும் இந்தத் துறையைக் கைவிடவில்லை. ஹிஜ்ரி 808-இல் வஃபாத்தான இமாம் கமாலுத்தீன் தமீரீ (ரஹ்) எகிப்தைச் சேர்ந்த ஷாஃபிஈ ஃபகீஹ். உயிரினங்களைப் பற்றி ‘ஹயாத்துல் ஹயவான்’ என்ற பெரிய நூலை எழுதியவர். ஒரு பிராணியின் குணத்தையும் சொல்வார், அதன் ஷரீஅத் சட்டத்தையும் சொல்வார். படைப்பைப் பார்த்துப் படைத்தவனை அறிவதும், அதிலிருந்து நம் நடத்தைக்குப் பாடம் எடுப்பதும் நமக்குப் பழைய வழக்கம்தான்.

ஸுலைமான் நபி கேட்ட குரல்

அந்நம்ல் சூராவின் 18-ஆவது வசனம் நமக்குத் தெரிந்த சம்பவம். ஸுலைமான் (அலை) அவர்களின் படை எறும்புகள் வாழும் பள்ளத்தாக்குக்கு வருகிறது. ஓர் எறும்பு தன் கூட்டத்தாரைப் பார்த்து, உங்கள் வீடுகளுக்குள் போய்விடுங்கள், ஸுலைமானும் அவர் படையும் அறியாமல் உங்களை மிதித்துவிடக் கூடாது என்று எச்சரிக்கிறது.

இதில் முஃபஸ்ஸிர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்கச் சொல்வார்கள். ஒன்று, அந்த எறும்பு தான் மட்டும் தப்பி ஓடவில்லை. தன் கூட்டம் முழுவதையும் நினைத்தது. இரண்டாவது, ‘அறியாமல்’ என்று ஒரு வார்த்தையைச் சேர்த்தது. ஒரு நபியும் அவரோடு இருப்பவர்களும் வேண்டுமென்றே அநியாயம் செய்ய மாட்டார்கள் என்ற நல்லெண்ணம் அதில் இருக்கிறது. அதைக் கேட்டுத்தான் ஸுலைமான் (அலை) புன்னகைத்தார்கள். உடனே, உன் அருட்கொடைகளுக்கு நன்றி செலுத்த எனக்கு அருள் செய் என்று ரப்பிடம் கேட்டார்கள்.

எறும்பின் வாழ்க்கை கூட்டு வாழ்க்கை. ஒன்று உணவு தேடும், ஒன்று குஞ்சுகளைப் பார்க்கும், ஒன்று வாசலில் காவல் நிற்கும். கூட்டுக்குள் இருட்டு. யார் நம்மவர், யார் அந்நியர் என்பதை அவை உடம்பின் வாசனையை வைத்தே அறிகின்றன. தன் கூட்டின் வாசனை இருந்தால் உள்ளே விடும், இல்லாவிட்டால் கடித்துத் துரத்தும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி சொல்லப்போவது எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

முதல் வகை: கொடுத்து வாங்கும் புழு

பட்டாம்பூச்சிகளில் ‘நீலன்கள்’ என்ற ஒரு பெரிய குடும்பம் உண்டு. உலகெங்கும் 5,000-க்கும் மேற்பட்ட வகைகள். உருவத்தில் சிறியவை, பலவற்றுக்கு இறக்கையில் நீலம் படர்ந்திருக்கும். இவற்றில் வாழ்க்கை முறை ஆராயப்பட்ட வகைகளில் முக்கால்வாசிக்கு, புழுப் பருவத்தில் எறும்புகளோடு ஏதோ ஒரு தொடர்பு இருக்கிறது.

ஊரில் தட்டைப்பயறு போட்டவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். பூவிலும் பிஞ்சிலும் பச்சையாக ஒரு புழு ஒட்டியிருக்கும், அதைச் சுற்றி எறும்புகள் நிற்கும். இங்கே கம்பெனி வாசல்களில் அலங்காரத்துக்கு நடும் சைகஸ் செடியின் இளந்தளிரைத் தின்பதும் இந்தக் குடும்பத்துப் புழு ஒன்றுதான். அதற்கும் எறும்புக் காவல் உண்டு.

எறும்பு ஏன் அதைக் கடித்து இழுத்துப் போகவில்லை? புழுவின் முதுகில், பின்பக்கத்தில், ஒரு சிறிய சுரப்பியை அல்லாஹ் வைத்திருக்கிறான். எறும்பு தன் உணர்கொம்பால் தட்டினால் அதிலிருந்து ஒரு துளி இனிப்பு நீர் வரும். எறும்பு அதைக் குடிக்கும். பதிலுக்கு, அந்தப் புழுவின் உடம்பில் முட்டையிட வரும் குளவியையும் ஈயையும் விரட்டும். புழு கூலி கொடுக்கிறது, எறும்பு வேலை செய்கிறது. இரண்டுக்கும் லாபம், எவருக்கும் நஷ்டம் இல்லை.

ஷரீஅத்தில் இதற்கு ஒப்பானதை ‘இஜாரா’ என்கிறோம். இன்ன வேலை, இன்ன கூலி என்று இருவரும் பொருந்திச் செய்யும் ஒப்பந்தம். அந்நிஸா சூராவின் 29-ஆவது வசனம் பிறர் பொருளை முறைகேடாக உண்பதைத் தடுக்கிறது. இரு தரப்பும் மனம் பொருந்திச் செய்யும் வியாபாரத்தை ஆகுமாக்குகிறது. வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிடச் சொன்ன நபிமொழி இப்னு மாஜாவில் இருக்கிறது. காலையில் ஸ்ரீபெரும்புதூர் சாலையில் வரிசையாகப் போகும் கம்பெனி பஸ்களைப் பாருங்கள். அவற்றில் போகும் ஒவ்வொருவரும் செய்வது இந்த இஜாராதான். உங்கள் உழைப்பு இபாதத்தின் அருகில் நிற்கும் காரியம். அதை இழிவாக எண்ணாதீர்கள்.

இரண்டாம் வகை: இனிப்பால் கட்டிப்போடும் புழு

ஜப்பானில் ஒரு நீலன் வகையை ஆராய்ந்தவர்கள் 2015-இல் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். அதன் புழு கொடுக்கும் இனிப்பு நீரை எறும்பு தொடர்ந்து குடித்தால், எறும்பின் மூளையில் இயங்கும் ஒரு வேதிப்பொருளின் அளவு மாறிவிடுகிறது. அந்த எறும்பு வழக்கம்போல அங்குமிங்கும் நடமாடுவதில்லை, புழுவை விட்டு விலகுவதும் இல்லை. புழு தன் முதுகில் இருக்கும் இரண்டு சிறு கொம்புகளை நீட்டினால் போதும், எறும்பு சண்டைக்கு நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் கூலிக்கு வேலை செய்வது போலத்தான் தெரிகிறது. உள்ளே அந்த எறும்பு கட்டுப்பட்டுக் கிடக்கிறது. அந்தப் புழுவின் நெருங்கிய உறவு ஒன்று நம் தென்னிந்தியாவிலும் மருத மரங்களில் எறும்புக் காவலில் வளர்கிறது.

சகோதரர்களே, இந்த வகை இனிப்பு நம் கையில் இருக்கும் போனுக்குள்ளும் வருகிறது. ஐந்து நிமிடத்தில் கடன் தரும் ஆப். சம்பளத்துக்கு முன்பே கிடைக்கும் அட்வான்ஸ். வட்டியில்லாத் தவணை என்ற பெயரில் உள்ளே ஒளிந்திருக்கும் வட்டி. முதல் துளி இனிக்கும். ஆறு மாதம் கழித்து அந்த இளைஞனைப் பாருங்கள். வேறு நல்ல வேலை வந்தாலும் போக முடியாது, ஊருக்குப் போக முடியாது, ஓ.டி. பார்த்தும் தீராது. சம்பளம் அக்கவுண்டில் விழுந்த அன்றே பிடித்தம் போய்விடும். வட்டியை அல்லாஹ் ஹராமாக்கியதன் ஹிக்மத் கிதாபில் ஓதியதை விட இந்த முகங்களைப் பார்க்கும்போது இன்னும் தெளிவாகப் புரிகிறது.

மூன்றாம் வகை: வாசனையைத் திருடும் புழு

இனி வருவதுதான் இன்றைய பாடத்தின் மையம்.

மாமரத்தில் இலைகளை ஒன்றோடொன்று தைத்துப் பந்து போலக் கூடு கட்டும் சிவப்பு எறும்பை அறிவீர்கள். முசுறு என்பார்கள். மரம் ஏறியவனைக் கடித்தே இறக்கிவிடும். அந்தக் கூட்டுக்குள் புகுந்து வாழும் ஒரு பட்டாம்பூச்சியின் புழு, வடகிழக்கு இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை இருக்கிறது. அதன் முதுகுத்தோல் தோல்பட்டை போலத் தடித்தது, தட்டையானது. ஓரங்கள் தரையோடு படிந்து கால்களை மூடிக்கொள்ளும். எறும்பு எவ்வளவு கடித்தாலும் பல் இறங்காது, புரட்டவும் முடியாது. அந்தப் புழு கூட்டுக்குள் இருந்துகொண்டு எறும்புகளின் குஞ்சுகளைத் தின்று வளர்கிறது. பட்டாம்பூச்சியாக வெளிவரும்போது அதன் உடம்பு முழுவதும் உதிரும் செதில்கள். பிடிக்க வரும் எறும்பின் வாயிலும் காலிலும் அவை அப்பிக்கொள்ளும். எறும்பு தன்னைத் துடைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அது வெளியேறிவிடும்.

இது கவசத்தால் நுழைவது. ஐரோப்பாவில் வாழும் பெரிய நீலன்களின் புழு வேறு வழியில் நுழைகிறது. முதல் சில வாரங்கள் ஒரு செடியின் பூவில் வளரும். பிறகு தானாகவே தரையில் விழுந்து காத்திருக்கும். அந்த வழியாக வரும் ஒரு வகைச் சிவப்பு எறும்பு அதைத் தொட்டுப் பார்க்கும். புழுவின் உடம்பில் அந்த எறும்பின் குஞ்சுக்குரிய வாசனை போன்ற வாசனை இருக்கும். ஐயோ, நம் பிள்ளை வெளியில் கிடக்கிறதே என்று எறும்பே அதைத் தூக்கிக்கொண்டு கூட்டுக்குள் போய் குஞ்சுகளோடு வைக்கும். காவலர்களும் வழிவிடுவார்கள்.

உள்ளே போன பின், சில வகைகள் குஞ்சுகளைத் தின்கின்றன. வேறு சில வகைகள் தின்பதும் இல்லை, எறும்புகளே வாயில் ஊட்டுகின்றன. அப்படி ஊட்டி வளர்க்கப்படும் ஒரு வகையைப் பற்றி 2009-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்தப் புழுவும் அதன் கூட்டுப்புழுவும் ராணி எறும்பு எழுப்பும் ஒலியைப் போலவே ஒலி எழுப்புகின்றன. அதனால் எறும்புகள் அதை ராணிக்குரிய மரியாதையோடு நடத்துகின்றன. கூட்டுக்கு ஆபத்து வந்தால் சொந்தக் குஞ்சுகளுக்கு முன் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகின்றன. பஞ்சம் வந்தால் தம் சொந்தக் குஞ்சுகளைக் கொன்று அதற்கு ஊட்டுகின்றன.

ஸுப்ஹானல்லாஹ்! எதிரி வெளியிலிருந்து வந்திருந்தால் அந்த எறும்புகள் உயிரைக் கொடுத்துச் சண்டையிட்டிருக்கும். இவனோ நம்மவனின் வாசனையோடும் தலைவனின் குரலோடும் வந்தான்.

நம் வீதியில் அந்த வாசனை

இந்தப் பகுதியில் இமாமத் செய்யும் எனக்கு, தொழுகை முடிந்து தயங்கித் தயங்கி நிற்கும் முகங்கள் பழக்கம். தென்மாவட்டத்திலிருந்து வந்த ஒரு டிப்ளமா படித்த பையன் ஒருநாள் அப்படி நின்றான். கம்பெனியில் பர்மனென்ட் வேலை வாங்கித் தருவதாகச் சொன்னவரிடம், உம்மாவின் வளையலை அடகு வைத்துப் பணம் கொடுத்திருக்கிறான். போலியான ஒரு ஆஃபர் லெட்டர் கையில். கம்பெனி வாசலில் போய் நின்றால், அப்படி ஒரு ஆளே எங்களுக்குத் தெரியாது, நாங்கள் வேலைக்குப் பணம் வாங்குவதும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அவனிடம் ஒரு கேள்விதான் கேட்டேன்: எப்படித்தா அவரை நம்பினாய்? அவன் சொன்ன பதில் இன்னும் என்னை உறுத்துகிறது. “ஸலாம் சொன்னாரு ஹள்ரத். தொழும்போது என் பக்கத்துல நின்னாரு. நம்ம ஆளுன்னு நெனச்சேன்.”

சகோதரர்களே, அந்த மனிதன் திருடியது பணத்தை மட்டுமா? நம் ஸலாமைத் திருடினான். நம் சஃப்பைத் திருடினான். இனி ஒரு நல்ல மனிதர் அந்தப் பையனுக்கு ஸலாம் சொன்னாலும் அவன் ஒரு கணம் யோசிப்பான். அந்த நம்பிக்கையை யார் திருப்பிக் கொடுப்பது?

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவன் நம்மைச் சார்ந்தவன் அல்லன் என்று எச்சரித்தார்கள். முஸ்லிமில் வரும் ஹதீஸ் இது. நம் கூட்டின் வாசனையைப் பூசிக்கொண்டு மோசடி செய்பவனைப் பற்றி, அவன் நம் கூட்டத்தான் அல்லன் என்று நபியே சொல்லிவிட்டார்கள். நயவஞ்சகனின் அடையாளங்களாக அவர்கள் சொன்னதும் இவைதாமே: பேசினால் பொய், வாக்களித்தால் மீறுதல், நம்பி ஒப்படைத்தால் மோசடி.

இங்கே ஒரு மஸ்அலாவைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தரகு வாங்குவதே ஹராம் என்று நான் சொல்லவில்லை. தரகரின் கூலியில் குற்றமில்லை என்று இப்னு ஸீரீன், அதா, இப்ராஹீம், ஹஸன் (ரஹ்) ஆகியோர் கருதியதை இமாம் புகாரி (ரஹ்) தம் கிதாபில் எடுத்து எழுதியிருக்கிறார்கள். இன்ன வேலைக்கு இன்ன கூலி என்று வெளிப்படையாகப் பேசி, அந்த வேலையை உண்மையாகச் செய்து கொடுத்தால் அது முதல் வகைப் புழு. இல்லாத வேலையைக் காட்டி வாங்குவதும், அதிகாரிக்குக் கொடுக்க வேண்டும் என்று வாங்குவதும் வேறு. முதலாவது மோசடி, இரண்டாவது லஞ்சம். லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள்.

மேஸ்திரியாகவும் கான்ட்ராக்டராகவும் ஹாஸ்டல் நடத்துபவராகவும் இருக்கும் சகோதரர்களும் இந்த சஃப்பில் இருக்கிறீர்கள். கம்பெனி தரும் கூலியில் பாதியைச் சொல்லாமல் எடுப்பது, பி.எஃப். என்று பிடித்துக் கட்டாமல் விடுவது, பத்துப் பேர் அறையில் இருபது பேரை அடைத்து முழு வாடகை வாங்குவது, இவையெல்லாம் அல்முதஃப்பிஃபீன் சூராவின் முதல் வசனங்கள் கண்டிக்கும் அளவு மோசடிதான். தராசு மாறியிருக்கிறது, குற்றம் மாறவில்லை. ஹதீஸ் குத்ஸி ஒன்றில் அல்லாஹ், மறுமையில் மூன்று பேருக்கு எதிராக நானே வழக்காடுவேன் என்கிறான். அவர்களில் ஒருவன், ஒருவரை வேலைக்கு அமர்த்தி முழுமையாக வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடுக்காதவன். புகாரியில் இருக்கிறது. ஏழைத் தொழிலாளியின் வக்கீலாக ரப்பே வந்து நின்றால் அந்த நீதிமன்றத்தில் நாம் என்ன பதில் சொல்வோம்?

புழு பாவியா?

ஒரு பிள்ளை கேட்கலாம்: அப்படியானால் அந்தப் பட்டாம்பூச்சி கெட்டதா, அதைக் கொல்லலாமா? இல்லை. புழுவுக்கு ஷரீஅத் சட்டங்கள் விதிக்கப்படவில்லை. அல்லாஹ் அதற்கு வகுத்த வழியில் அது வாழ்கிறது. ஹலால் இது, ஹராம் இது என்று அதற்குச் சொல்லப்படவில்லை, கேள்வி கணக்கும் இல்லை. ஓர் எறும்பு கடித்ததற்காக எறும்புப் புற்றையே எரிக்கச் செய்த முந்தைய நபி ஒருவரை, தஸ்பீஹ் செய்யும் ஒரு சமுதாயத்தையா எரித்தீர் என்று அல்லாஹ் கண்டித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. எறும்பும் பட்டாம்பூச்சியும் அவனைத் துதிப்பவையே. பிஞ்சில் புழுவைப் பார்த்தால் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், நசுக்காதீர்கள்.

புழு செய்வதை ஒரு மனிதன் செய்தால்தான் அது பாவம். ஏனென்றால் அவனுக்கு அறிவு கொடுக்கப்பட்டது, வேதம் கொடுக்கப்பட்டது, வேறு வழியும் கொடுக்கப்பட்டது.

கூட்டுக்குள் மூட்டிய சண்டை

அந்தப் புழுவையும் தேடி ஒருவன் வருகிறான். ஒரு குளவி. புழு இருக்கும் எறும்புக் கூட்டைச் சரியாகக் கண்டுபிடித்து உள்ளே நுழையும். நுழைந்ததும் ஒரு வேதிப்பொருளை வெளியிடும். அதன் வாசனையில் எறும்புகள் தங்களுக்குள்ளேயே ஒன்றையொன்று கடித்துச் சண்டையிடும். அந்தக் கலவரத்தில் குளவி நிதானமாகப் போய் புழுவின் உடம்பில் முட்டையிட்டுவிட்டு வெளியே வந்துவிடும். எறும்புகளை ஏமாற்றிய புழு பட்டாம்பூச்சியாக ஆவதில்லை. அதன் கூட்டிலிருந்து குளவிதான் வருகிறது. 2002-இல் வெளியான ஆய்வு இது.

ஏமாற்றியவனும் ஏமாறுவான் என்பது இதில் ஒரு பாடம். இன்னொரு பாடம் எறும்புகளுக்குரியது. நம் பகுதியில் பர்மனென்ட்காரர் வேறு, கான்ட்ராக்ட்காரர் வேறு, தமிழன் வேறு, வடக்கிலிருந்து வந்தவன் வேறு என்று ஒரு வாசனையைப் பரப்புகிறார்கள். பீஹாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் பள்ளியின் கடைசி சஃப்பில் நிற்பவர் உங்கள் எதிரி அல்லர். பன்னிரண்டு மணி நேரம் நின்று அவருக்கும் கால் வீங்குகிறது. அவருக்கும் ஊரில் ஒரு தாய் காத்திருக்கிறாள். நாம் ஒருவரையொருவர் கடித்துக்கொண்டிருக்கும்போது கூட்டுக்குள் யார் நடமாடுகிறார்கள் என்று பாருங்கள்.

கூடு அழிந்தால் புழுவும் அழியும்

பிரிட்டனில் பெரிய நீலன் 1979-இல் அடியோடு அழிந்துபோனது. அதைக் காப்பாற்ற முயன்றவர்கள் முன்பு, பட்டாம்பூச்சியைப் பிடிப்பவர்களே காரணம் என்று நினைத்தார்கள். உண்மையான காரணம் வேறு. ஆடு மாடு மேய்வது குறைந்தது. 1950-களில் ஒரு நோய் வந்து முயல்களும் மடிந்தன. புல் உயரமாக வளர்ந்தது, தரையில் வெயில் படவில்லை, மண் குளிர்ந்தது. அந்தச் சூடு இல்லாமல் குறிப்பிட்ட அந்த எறும்பு வாழ முடியவில்லை. எறும்பு போனது, அதை நம்பிய பட்டாம்பூச்சியும் போனது. இதைக் கண்டறிந்த பின் புல்லை மேயவிட்டு, எறும்பை வளரவிட்டு, 1983-இல் ஸ்வீடனிலிருந்து கொண்டு வந்து மீண்டும் விட்டார்கள். இப்போது அங்கே அது பறக்கிறது.

இன்னொன்றும் தெரிந்தது. ஒரு கூட்டில் பெரும்பாலும் ஒரு புழு வளரும் அளவுக்குத்தான் உணவு இருக்கும். பல புழுக்கள் புகுந்துவிட்டால் குஞ்சுகள் தீர்ந்துபோய், அத்தனை புழுக்களும் பட்டினியில் சாகும்.

உழைப்பவனை உறிஞ்சி வாழ நினைப்பவருக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா? இந்தச் சாலையின் கடைகள், வாடகை வீடுகள், ஹோட்டல்கள், நம் பள்ளியின் சந்தா கூட, ஷிப்ட் முடித்து வரும் தொழிலாளியின் சம்பளத்தில்தான் ஓடுகின்றன. அவன் நொடிந்துபோனால் நாமும் நொடிந்துபோவோம்.

இதற்கு நேர்மாறான ஒருவரை நபி (ஸல்) அவர்கள் நமக்கு அறிமுகப்படுத்தினார்கள். குகைக்குள் பாறை மூடி அடைபட்ட மூவரில் ஒருவர் அவர். ஒரு கூலியாள் தன் கூலியை வாங்காமல் போய்விட்டார். இவர் அந்தக் கூலியை விட்டுவிடவில்லை, அதைப் பெருக்கினார். பல காலம் கழித்து வந்து கேட்டபோது, பெருகிய கால்நடைகள் அனைத்தையும் காட்டி, இது உன்னுடையது என்று ஓட்டிக்கொண்டு போகச் சொன்னார். அந்த அமலை முன்வைத்து துஆ செய்தபோது பாறை விலகியது. இருட்டில் அகப்பட்ட மூவருக்கு வழி திறந்தது ஒரு தொழிலாளியின் கூலியைக் காத்த அமானிதம்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, வாசனையை வைத்து மட்டும் ஆளை நம்பாதீர்கள். உமர் (ரலி) அவர்களிடம் ஒருவர், இன்னாரை எனக்குத் தெரியும், நல்லவர் என்றார். உமர் (ரலி) கேட்டார்கள்: அவருடைய பக்கத்து வீட்டுக்காரரா நீர்? அவரோடு பணக் கொடுக்கல் வாங்கல் செய்திருக்கிறீரா? பயணம் போயிருக்கிறீரா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். அப்படியானால் உமக்கு அவரைத் தெரியாது என்றார்கள். இது சந்தேகக் குணம் அல்ல, எச்சரிக்கை. எவரையும் மோசக்காரர் என்று எண்ண வேண்டாம். பணம் கைமாறும் இடத்தில் மட்டும் விசாரித்துச் செய்யுங்கள்.

இரண்டாவது, எழுதுங்கள். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அல்பகராவின் 282-ஆவது வசனம். அது கடனை எழுதி வைப்பது, சாட்சி வைப்பது பற்றியது. அண்ணன் தம்பிக்குள் எழுதுவதா என்று வெட்கப்படாதீர்கள்.

மூன்றாவது, வேலைக்கு முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கம்பெனியின் மனிதவளப் பிரிவில் நேரில் விசாரியுங்கள். உம்மாவின் நகையை அடகு வைக்கும் முன் பள்ளிக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

நான்காவது, சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் யு.ஏ.என். எண்ணை வைத்து பி.எஃப். கணக்கில் பணம் ஏறியிருக்கிறதா என்று போனிலேயே பாருங்கள். கான்ட்ராக்டர் கூலி தராமல் போனால் வேலை வாங்கிய நிறுவனமே தர வேண்டும் என்பது 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதப்பட்ட விதி. உங்கள் ஹக்கைக் கேட்பது சண்டை அல்ல. தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் சொல்லிக் கொடுங்கள், முக்கியமாக மொழி தெரியாத வெளிமாநிலச் சகோதரர்களுக்கு.

ஐந்தாவது, இப்படி யாருடைய பணமாவது நம்மிடம் இருந்தால், தவ்பா என்பது அழுவதோடு முடியாது. பணம் உரியவரிடம் போய்ச் சேர வேண்டும். அவர் இல்லாவிட்டால் வாரிசுகளிடம். எவ்வளவு தேடியும் கிடைக்காவிட்டால் அவர் பெயரால் தர்மம் செய்ய வேண்டும். அந்தப் பணத்தில் உம்ரா போவதாலோ பள்ளிக்கு ஃபேன் வாங்கித் தருவதாலோ அது ஹலாலாகாது. பகலில் வர வெட்கமாக இருந்தால் இஷாவுக்குப் பிறகு வாருங்கள். யார் கொடுத்தது என்று கேட்காமல் உரியவரிடம் சேர்க்க நான் பொறுப்பு.

யா அல்லாஹ்! எங்கள் ரிஸ்கை ஹலாலாக்குவாயாக. உழைக்கும் கைகளுக்கு உரிய கூலியைக் கிடைக்கச் செய்வாயாக. ஏமாந்து நிற்பவர்களுக்கு இழந்ததைவிடச் சிறந்ததைத் தருவாயாக. ஏமாற்றியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் மனதைத் தருவாயாக. தன் கூட்டத்தை எச்சரித்த அந்த எறும்பைப் போல, ஒருவருக்கொருவர் நலம் நாடும் ஜமாஅத்தாக எங்களை ஆக்குவாயாக. நாங்கள் சொல்லும் ஸலாமை, கேட்பவர் அச்சமின்றி நம்பக்கூடிய ஸலாமாக ஆக்குவாயாக.

ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.